‘என் அம்மா’ என்று எழுதியிருந்தது

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சிறிய அறை எடுத்து, இருபது வருடங்களுக்கும் மேலாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து வருகிறேன். என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ்களும் விவாகச் சான்றிதழ்களும்தான். கனடாவுக்கோ லண்டனுக்கோ போக இருக்கும் ஒருவருடைய தாயின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும் என்பதால், ‘தாய்’ என்ற கட்டத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் முத்திரை குத்துவது என் வழக்கம். அந்தப் பழக்கம் ஒரு பொலிஸ் நிலையத்தின் நீண்ட வாங்கில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கைகொடுத்தது. பிள்ளைகளைப் பாதுகாப்பதற்குப் பொலிசாருக்குச் சட்டம் எவ்வளவு அதிகாரம் கொடுத்திருக்கிறது என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் முதலில் நினைப்பது அந்த வாங்கையும் அதன் முன்னால் விரித்து வைத்திருந்த, முறைப்பாடுகளை எழுதும் தடித்த புத்தகத்தையும்தான்.

2022 மார்ச் மாதம். கொழும்பில் மின்சாரம் மணிக்கணக்கில் நின்றுபோன நாட்கள் அவை. எங்கள் தொடர்மாடியில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் அக்கா இருட்டில் படியேறி வந்தபோது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறார். எதிர்வீட்டில் வேலைக்கு நிற்கும் பிள்ளை. டோர்ச் வெளிச்சத்தில் அதன் முழங்கைக்குக் கீழே பார்த்த அக்கா, பேச்சுமூச்சில்லாமல் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என் கதவைத் தட்டினார். கரண்டியின் விளிம்பு பதிந்த வடிவில் ஒரு சூட்டுக்காயம். அதற்குப் பக்கத்தில் அதே வடிவில், தோல் கறுத்து ஆறிய இன்னொன்று. ஊர் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்று என்றது. வயது கேட்டபோது, “பதிமூணு முடிஞ்சிருச்சுங்க” என்றது.

பெற்றோல் தட்டுப்பாட்டால் ஓட்டோவும் கிடைக்கவில்லை. மூவரும் நடந்தே பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். எந்த நிலையம் என்பது இங்கே அவசியமில்லை. சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவில் அந்த நேரம் ஒரே ஒரு பெண் கொன்ஸ்டபிள் இருந்தார். அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கலாம். பிள்ளையைப் பார்த்ததும் எழுந்து வந்து, “நங்கி, வாடி வென்ன” என்று தன் பக்கத்துக் கதிரையில் உட்காரவைத்து, தனக்கு வைத்திருந்த பனிஸில் பாதியைக் கொடுத்தார். கைத்தொலைபேசி வெளிச்சத்தை ஒரு கோப்பின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். நான் மொழிபெயர்க்கிறேன் என்றதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைச் சொல்லாமல் விட்டால் அநியாயமாகிவிடும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அன்று விடுமுறையில் இருந்தார்.

பிள்ளை மெல்லிய குரலில், ஒவ்வொன்றாகச் சொன்னது. கடினமான வாக்கியங்களை நான் சிங்களத்தில் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எளிய வாக்கியங்களை எனக்காகக் காத்திராமல், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழை வைத்து அவரே எழுதிக்கொண்டார். முக்கால் மணித்தியாலத்தில் வாக்குமூலம் முடிந்தது. மொழிபெயர்த்தவர் என்ற முறையில் என்னையும் கையொப்பமிடச் சொன்னார். இடுவதற்கு முன் வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில், “மகே அம்மா மாவ ஹெந்தென் பிச்சுவா” என்று இருந்தது. என் அம்மா என்னைக் கரண்டியால் சுட்டார்.

பிள்ளை சொன்னது, “அம்மாதான் கரண்டியால சூடு வச்சாங்க” என்பது. கொழும்பில் வேலைக்கு வரும் மலையகப் பிள்ளைகள் பலர் வீட்டு எசமானியை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெற்றவளைச் சொல்லும்போது ‘எங்கம்மா’ என்பார்கள். இந்த வித்தியாசம் தமிழ் வீடுகளில் யாரும் யோசித்துப் பார்க்காமலே விளங்கிக்கொள்வது. சிங்களத்திலும் அம்மா அம்மாதான். ஆகவே அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ‘என்’ என்ற சொல்லைப் பிள்ளை சொல்லவேயில்லை. எழுத்து நடைக்குத் தேவை என்று கொன்ஸ்டபிளின் கை தானாகச் சேர்த்துக்கொண்டது. இரண்டு மொழிகளிலும் வேறு வேறாக இருக்கும் சொல்லில் நாங்கள் எல்லோரும் கவனமாக இருந்தோம். இரண்டிலும் ஒன்றாக இருந்த சொல்லில்தான் வழுக்கினோம்.

நான் விளக்கியதும் கொன்ஸ்டபிள் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தச் சொற்களின் மேல் ஒரு கோடு இழுத்து, மேலே ‘வெட கரன கெதர நோனா’, அதாவது வேலை செய்யும் வீட்டு எசமானி என்று எழுதி, ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தை இட்டு, பிள்ளையிடமும் ஒப்பம் வாங்கினார். பிறகு முழுவதையும் ஆரம்பத்திலிருந்து சத்தமாக வாசித்தார், நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். இந்தத் தடவை ஒவ்வொரு ‘அம்மா’விலும் நின்று, எந்த அம்மா என்று கேட்டார்.

அவர் செய்தது தயவு அல்ல, சட்டக் கடமை. 1979இன் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, குற்றம் பற்றி ஒருவர் வாய்மொழியாகத் தரும் தகவலை அவர் எந்த மொழியில் தந்தாரோ அந்த மொழியிலேயே எழுத வேண்டும், எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. அந்த மொழியில் எழுத முடியாத நிலை வந்தால்தான் மொழிபெயர்த்து எழுதும் வழி திறக்கிறது. அப்போதும் வாசித்துக் காட்டும் கடமை நீங்குவதில்லை. வெள்ளவத்தை அடங்கும் திம்பிரிகஸ்யாயவும் கொழும்பும் இரு மொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டவை என்பதையும், சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்தில்கூட அரச உத்தியோகத்தருடன் தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘என்ட்ரி போடுவது’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் காரியத்தின் மேல் எத்தனை சட்டங்கள் கண் வைத்திருக்கின்றன என்பது விளங்கும். ஆனால் அன்று அந்தக் கண்கள் எல்லாவற்றையும் தாண்டி, ஒரு பிள்ளையைப் பெற்றவள் குற்றவாளியாகப் புத்தகத்தில் ஏறப் பார்த்தாள்.

இதைச் சிறிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு, அந்தப் புத்தகத்திலிருந்து என்னென்ன புறப்படுகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். விசாரணை பற்றிப் பொலிசார் நீதவானுக்குக் கொடுக்கும் ‘பி அறிக்கை’ அதிலிருந்துதான் எழுதப்படுகிறது. சட்ட வைத்திய அதிகாரிக்கு அனுப்பும் பரிசோதனைப் படிவத்தில் சம்பவத்தின் சுருக்கமும் அதிலிருந்தே போகிறது. யாரைக் கைது செய்வது, எந்தப் பிரிவின் கீழ் செய்வது, பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம், யாரிடம் ஒப்படைக்கவே கூடாது என்ற முடிவுகளுக்கும் முதல் ஆதாரம் அதுதான். ஒருவேளை அந்த ஒரு வரி திருத்தப்படாமல் போயிருந்தால், எசமானியின் வழக்கறிஞர் இரண்டு வருடங்களுக்குப் பின் எழுந்து நின்று, முதல் வாக்குமூலத்தில் தாய் என்றாய், இப்போது நோனா என்கிறாய், எது உண்மை என்று அதே பிள்ளையைக் கேட்டிருப்பார்.

எந்தப் பிரிவு என்பதிலும் அன்று ஒரு சின்ன இழுபறி நடந்தது. உள்ளே இருந்து வந்த மூத்த உத்தியோகத்தர் ஒருவர், வீட்டுக்காரரையும் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடலாமே, பிள்ளையைச் சம்பளத்தோடு ஊருக்கு அனுப்பினால் போதாதா என்றார். அவர் குரலில் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குப் படவில்லை. நூறு அயல்வீட்டுச் சண்டைகளைச் சமாதானம் பேசி அனுப்பிய பழக்கம் பேசியது. சாதாரண காயம் போன்ற சிறு குற்றங்களை மத்தியஸ்த சபைக்கு அனுப்ப 1988இன் 72ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் பிள்ளைக்குச் சூடு வைப்பது சாதாரண காயம் அல்ல என்று பாராளுமன்றம் 1995இலேயே முடிவு செய்துவிட்டது. அந்த வருடத்தின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைச் சட்டக்கோவையில் 308அ என்ற பிரிவைச் சேர்த்தது. 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைத் தன் கட்டுக்காவலிலோ பொறுப்பிலோ பராமரிப்பிலோ வைத்திருப்பவர் வேண்டுமென்றே தாக்கினால், கொடுமைப்படுத்தினால், கவனியாது விட்டால், கைவிட்டால், அதனால் துன்பமோ உடல்நலக் கேடோ உண்டாகக்கூடுமானால், இரண்டு வருடத்துக்குக் குறையாத, பத்து வருடத்துக்கு மேற்படாத சிறை. பொறுப்பு, பராமரிப்பு என்ற சொற்கள் பெற்றோரை மட்டும் குறிப்பவை அல்ல. தன் வீட்டில் தங்கவைத்து வேலை வாங்குகிறவரும் அதற்குள் வருகிறார். கொன்ஸ்டபிள் அந்தப் பிரிவின் இலக்கத்தை மட்டும் மெதுவாகச் சொன்னார். மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். வயதில் இளையவர் ஒருவர் சட்டத்தின் இலக்கத்தைச் சொல்லி, மூத்தவர் அதை ஏற்றுக்கொண்டதை நான் ஒரு பொலிஸ் நிலையத்தில் பார்த்தது அன்றுதான்.

அடுத்தது வயது. எசமானி தொலைபேசியில், பிள்ளைக்குப் பதினேழு நடக்கிறது, தரகர்தான் கூட்டிவந்தார், எனக்கு வேறொன்றும் தெரியாது என்றார். பதினேழுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் சட்டத்தில் ஒரு மதில் இருக்கிறது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதை 1956இன் 47ஆம் இலக்கச் சட்டம் 14 என்று வைத்திருந்தது. 2021இல் அது 16 ஆக உயர்த்தப்பட்டது. கட்டாயக் கல்வி வயது அதற்கு முன்பே 2016இல் 16 ஆகியிருந்தது. அதே 2021இன் ஜூலையில், கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு நின்ற மலையகச் சிறுமி ஒருவர் தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் இறந்தபோது, அவர் எந்த வயதில் வேலைக்கு வந்தார் என்ற கேள்வியே நாட்டின் முதற்பேச்சாக இருந்தது. இங்கே வயதுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. குற்றப் பொறுப்புக்கு 12, வேலைக்கு 16, பராயமடைய 18. 1939இன் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச்சட்டத்தின் மூல வாசகத்திலோ 14க்குக் கீழ் ‘சிறுவர்’, 14 தொடக்கம் 16 வரை ‘இளம் ஆள்’. சான்றிதழ் இல்லையென்றால் பற்களையும் எலும்புகளையும் பார்த்து மருத்துவர் ஒரு மதிப்பீடு சொல்வார், அது மதிப்பீடு மட்டுமே. என் தொழிலில் தினமும் கையாளும் அந்தக் கசங்கிய காகிதம் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய காவல் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

காயத்தோடு இருக்கும் பிள்ளையைத் திரும்ப அந்த வீட்டுக்கு அனுப்ப முடியாது. அன்றிரவே ஹட்டனுக்கு அனுப்பவும் வழியில்லை. இங்கேதான் 1939இன் கட்டளைச்சட்டம், பழைய ஆங்கிலேயச் சட்டத்தின் சாயலில் எழுதப்பட்டதாயினும், இன்னும் வேலை செய்கிறது. பராமரிப்போ பாதுகாப்போ தேவைப்படும் நிலையில் இருப்பதாக நியாயமாக நம்பும் பிள்ளையைப் பொலிஸ் உத்தியோகத்தர் சிறுவர் நீதிமன்றத்தின் முன் கொண்டுவரலாம். அதுவரை பாதுகாப்பான இடம் ஒன்றில் வைக்கலாம். பத்தரமுல்லையில் தனியான சிறுவர் நீதிமன்றம் இருக்கிறது. அப்படி ஒன்று இல்லாத இடங்களில் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாக அமர்கிறது. இந்த அதிகாரத்தைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளையைக் கொண்டுபோக வேண்டியது நீதிமன்றத்தின் முன். பொலிசார் தமக்குத் தெரிந்த ஏதாவது இல்லத்தில் விட்டுவிட்டு மறந்துவிடுவதற்கான அதிகாரம் அல்ல இது. பிள்ளை எங்கே, யாருடன், எவ்வளவு காலம் என்பதைத் தீர்மானிப்பவர் நீதவான். அவருக்கு வீட்டு நிலைமையைச் சொல்பவர் நன்னடத்தை உத்தியோகத்தர். அன்று பிள்ளை முதலில் போனது வைத்தியசாலைக்கு. கொன்ஸ்டபிளும் கூடவே போனார். நள்ளிரவு தாண்டியும் அங்கே இருந்தார் என்று பிறகு அறிந்தேன்.

பிள்ளை அன்று தன் கதையை எத்தனை பேருக்குச் சொன்னது என்று எண்ணிப் பார்த்தேன். அக்காவுக்கு, எனக்கு, கொன்ஸ்டபிளுக்கு, மூத்தவருக்கு ஒரு சுருக்கம், வைத்தியருக்கு, மறுநாள் சட்ட வைத்திய அதிகாரிக்கு. ஒவ்வொரு தடவையும் கையை நீட்டிக் காட்டியது. மூன்றாம் தடவைக்குப் பின் அது அழுவதை நிறுத்திவிட்டு மனப்பாடம் செய்ததைப் போலச் சொல்லத் தொடங்கியதை நான் கவனித்தேன். இதற்கும் சட்டத்தில் மருந்து இருக்கிறது. 1999இன் 32ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் சான்றுக் கட்டளைச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஏற்பாட்டின்படி, பிள்ளையிடம் முதலில் எடுக்கும் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்து நீதிமன்றத்தில் சான்றாக முன்வைக்கலாம். குறுக்கு விசாரணைக்கு மட்டும் பிள்ளை வந்தால் போதும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையில் அதற்கான வசதியும் உண்டு. வீடியோவில் இருந்திருந்தால் ‘அம்மா’ என்ற சொல் பிள்ளையின் வாயிலிருந்து அதன் தொனியோடு அப்படியே பதிந்திருக்கும். யாருடைய கையும் முன்னால் ஒரு ‘என்’னைச் சேர்த்திருக்காது. கால் நூற்றாண்டு ஆகியும் ஒவ்வொரு நிலையத்திலும் அந்த வசதி வழக்கமாகாமல் இருப்பதற்குப் பணம் இல்லை என்ற பதிலை நான் ஏற்றுக்கொள்ளத் தயாராக இல்லை. இன்று எந்தத் தொலைபேசியிலும் பதிவு செய்யலாம்; இல்லாதது முறையும் பயிற்சியும்தான்.

பிள்ளையே சந்தேகநபராக நிலையத்துக்கு வரும் பக்கம் தனியாக எழுத வேண்டிய ஒன்று. சுருக்கமாகச் சொன்னால், 12 வயதுக்குக் கீழே செய்யும் எதுவும் குற்றமாகாது. 2018 வரை அந்த எல்லை 8 ஆக இருந்தது என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கைதான பிள்ளையை வளர்ந்த கைதிகளோடு சேர விடக் கூடாது, பெண் பிள்ளையானால் ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும், பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்ற பொதுவிதி பிள்ளைக்கும் உண்டு. மட்டக்குளியிலோ கிராண்ட்பாஸிலோ மகனைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது என்று ஓடிவரும் தாய்மார் இவற்றில் ஒன்றையாவது கேட்கத் தெரிந்து வைத்திருந்தால் நல்லது.

என் பங்குக்கும் வருகிறேன். எதிர்வீட்டிலிருந்து சில இரவுகளில் சத்தம் வந்தது எனக்குத் தெரியும். தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினேன். பெரிய இடம், நமக்கேன் வம்பு என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமைகளை அறிவிப்பதற்கான 1929 என்ற தொலைபேசி இலக்கம் எங்கள் தொடர்மாடியின் அறிவித்தல் பலகையிலேயே ஒட்டியிருந்தது. அதை ஒட்டியவள் நான்தான், நிர்வாகக் குழுவில் இருந்தபோது. 2006இல் தண்டனைச் சட்டக்கோவைக்கு வந்த ஒரு திருத்தம், தன் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள இடம் பிள்ளைத் துஷ்பிரயோகத்துக்குப் பயன்படுவதை அறிந்தவர் உடனே அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. நிர்வாகக் குழு உறுப்பினர் அந்தச் சொற்களுக்குள் வருவாரா என்று நண்பரான வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். அவர், “அக்கா, நீங்கள் சட்டத்தைக் கேட்கிறீங்களா, மன்னிப்பைக் கேட்கிறீங்களா?” என்றார். நான் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை தாய் வந்தாள். இரவு பஸ்ஸில் வந்து கோட்டையில் இறங்கி, விசாரித்து விசாரித்து நடந்தே வந்திருந்தாள். கையில் பொலித்தீன் பை. அதற்குள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மடித்த இடங்களில் ஒட்டுப் போட்டது. அதே வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். சான்றிதழை வாங்கி, வழக்கம்போலத் தாயின் பெயர்க் கட்டத்தை இரண்டு தடவை வாசித்தேன். பிறந்த திகதியின்படி பிள்ளைக்கு வயது பதின்மூன்றும் இரண்டு மாதமும்.

உள்ளேயிருந்து புத்தகத்தோடு வந்த கொன்ஸ்டபிள் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“மிஸ், இது அம்மாவா?” என்று தமிழிலேயே கேட்டார்.

“பெத்த அம்மா” என்றேன். அவர் பேனாவை எடுத்து, அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.